குடியை விட்ட முதல் மூன்று மாதம்: திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வழிகாட்டி

நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பகலில் துணி கட்டிங், இரவில் டாஸ்மாக்கில் கட்டிங் என்று பதினான்கு வருசம் ஓடியது. கடைசி மூன்று வருசம் தினமும் இரண்டு குவாட்டர். சனிக்கிழமை வாரச் சம்பளம் கைக்கு வந்தால் கணக்கே கிடையாது. விட்டு இரண்டு வருசம் ஆகப் போகிறது. அதற்கு முன்னால் நான்கு தடவை விட்டுப் பார்த்து, நான்கு தடவையும் திரும்பக் கடைக்கே போனேன். நான்கும் சரியான ஏற்பாடு இல்லாமல் விட்டது. ஐந்தாவது தடவைதான் கல்யாண வேலை பார்ப்பது போல ஏற்பாடு செய்துகொண்டு விட்டேன். அந்த ஏற்பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். தினமும் குடிக்கிறவருக்கும், அவரை வைத்துக்கொண்டு தவிக்கிற வீட்டாருக்கும் இது உதவும்.

1. நாளைக்கே நிறுத்தாதீர்கள், முதலில் டாக்டரைப் பாருங்கள்

எல்லாரும் தப்பு செய்கிற இடம் இதுதான். தினமும் நிறையக் குடிக்கிற உடம்பு சாராயத்துக்குப் பழகி நிற்கிறது. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முடிந்து நான்காம் நாள் வரைக்கும் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிற மாதிரி தெரியும், இல்லாத ஆளோடு பேசுவார்கள். இதைத் தனியாக வீட்டில் வைத்துச் சமாளிக்கக் கூடாது.

நம் ஊரில் இது அதிகமாக நடப்பது கார்த்திகை மாதத்தில். என் மூன்றாவது முயற்சி அப்படித்தான். கார்த்திகை ஒன்றாம் தேதி விடியக்காலையில் மாலை போட்டுக்கொண்டு, அன்றோடு குடியை நிறுத்தினேன். இரண்டாம் நாள் ராத்திரி பஜனையில் உட்கார்ந்திருந்தவன் அப்படியே விறைத்து விழுந்திருக்கிறேன். சாமி வந்துவிட்டது என்று திருநீறு பூசி, சரணம் சொல்லியிருக்கிறார்கள். வாயோரம் ரத்தம் வழிந்ததைப் பார்த்த பிறகுதான் ஒருவர் 108-க்குப் போன் அடித்தார். மாலை போடுகிறவர்கள் தாராளமாகப் போடுங்கள். ஆனால் தினமும் குடிக்கிறவராக இருந்தால், பத்துப் பதினைந்து நாள் முன்னதாகவே டாக்டரிடம் போய் நிறுத்திவிட்டு அப்புறம் போடுங்கள்.

முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், சர்க்கரை அல்லது கல்லீரல் கோளாறு உள்ளவர், காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்கிறவர் ஆகிய மூவரும் ஆஸ்பத்திரியில் படுத்துத்தான் நிறுத்த வேண்டும்.

2. எங்கே போவது

குடிக்கான வைத்தியம் மனநலப் பிரிவில்தான் இருக்கிறது. இது தெரியாமல் நான் பொது மருத்துவம், குடல் டாக்டர் என்று இரண்டு மாதம் அலைந்தேன். "பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டர்கிட்டயா?" என்று அம்மா அழுதார். அழட்டும், போய்விடுங்கள்.

கோவை, சேலம், பெருந்துறை, திருப்பூர், நாமக்கல், கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எது பக்கமோ அங்கே மனநலப் பிரிவு ஓ.பி.யில் கேளுங்கள். காலையில்தான் பார்ப்பார்கள், 8 மணிக்கு முன்னால் சீட்டு வரிசையில் நின்றுவிடுவது நல்லது. எங்கே போவதென்றே புரியவில்லை என்றால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்கோ, 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கோ கூப்பிடுங்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. டெலிமானஸில் தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

தனியார் "மறுவாழ்வு மையம்" என்று போர்டு வைத்த இடத்துக்குப் போவதானால் கொஞ்சம் நிதானியுங்கள். என் நான்காவது முயற்சியில் வீட்டார் ஒரு மையத்துக்குப் போன் செய்ய, ராத்திரி 11 மணிக்கு வேனில் வந்து நான்கு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று மாதத்துக்கு 45,000 ரூபாய் முன்பணம், ரசீது கிடையாது. டாக்டரை நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன். வீட்டுக்குப் போன் பேச விடவில்லை. வெளியே வந்த அன்றைக்கே அந்தக் கோபத்தில் போய்க் குடித்தேன்.

பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்று இருக்கிறதா? மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருவார்? வீட்டார் எப்போது பார்க்கலாம்? 2017-ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, சங்கிலியில் கட்டுவதும் கட்டாயமாக மொட்டை அடிப்பதும் கூடாது. கட்டாயப்படுத்தி வேலை வாங்கவும் கூடாது. இதைச் சொல்லிக் கேட்டதும் முகம் மாறுகிற இடமாக இருந்தால் அப்படியே வண்டியைத் திருப்புங்கள்.

3. கொண்டு போக வேண்டியவை

ஆதார் அட்டை அசலும் இரண்டு நகலும். பழைய ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ரிப்போர்ட் எது இருந்தாலும். சர்க்கரைக்கோ பிரஷருக்கோ சாப்பிடும் மாத்திரையின் அட்டை. கூட இருக்க ஓர் ஆள், ஏனென்றால் படுக்கையில் சேர்ப்பதானால் அட்டெண்டர் இல்லாமல் சிரமம். இன்னொன்று, கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் "ஒரு குவாட்டருங்க டாக்டர்" என்றுதான் ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரி, "ரெண்டுங்க, சனிக்கிழமைன்னா நாலு" என்றாள். மாத்திரையின் அளவை அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். பாதி சொன்னால் பாதி மருந்துதான் கிடைக்கும், நடுக்கம் நிற்காது.

இ.எஸ்.ஐ. இருக்கிறவர்கள் (மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்குப் பிடித்தம் உண்டு) முதலில் உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் அந்த வழியாகவே போங்கள். டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் தினச் சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாக வரும். வருசத்துக்கு 91 நாள் வரை உண்டு. அதற்குரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும். நான் முதலில் வெளியே சேர்ந்துவிட்டுப் பிறகு சான்றிதழுக்கு அலைந்ததில் ஒன்பது நாள் சம்பளம் போயிற்று.

4. செலவு

அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குப் பணம் இல்லை. பஸ், டீ, அட்டெண்டர் சாப்பாடு என்று தினம் இருநூறு, முந்நூறு ஆகும். நான் கடைசியாகப் படுத்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். ஒன்பது நாள், பரிசோதனை, மருந்து எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய்.

மெடிக்ளெய்ம் இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள். குடிப்பழக்கத்துக்கான சிகிச்சை பெரும்பாலான பாலிசிகளில் விலக்கு பட்டியலில் இருக்கிறது. பாலிசியை எடுத்துப் படித்துவிட்டுப் போங்கள்.

பணமில்லை என்று தள்ளிப்போடுகிறவருக்கு என் கணக்கு: குவாட்டர் 140 என்று வைத்தாலும் தினம் 280, மாதம் 8,400. சைட் டிஷ், தண்ணி பாட்டில், பாரில் கொடுத்த கடன் தனி.

5. முதல் பத்து நாள்

இது டாக்டர் கையில் இருக்கிற நாள். நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மாத்திரை கொடுத்து, தினம் கொஞ்சமாகக் குறைத்து, ஐந்திலிருந்து பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். கூடவே தயாமின் என்ற பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று போகாதீர்கள். குடித்துச் சத்துக் கெட்ட உடம்புக்குத் தயாமின் போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்கே கெடுதல் வரலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் வரவில்லை என்று அதே சீட்டைக் காட்டி மெடிக்கலில் அந்த நடுக்க மாத்திரையைத் திரும்ப வாங்காதீர்கள். அதுவும் பழகிவிடும். என்னோடு அதே வார்டில் இருந்த ஒருவர் சாராயத்தை விட்டு மாத்திரையில் மாட்டிக்கொண்டார். மாத்திரை சாப்பிடுகிற நாட்களில் வண்டி ஓட்டக் கூடாது. கட்டிங் மெஷின், தறி பக்கமும் போகாதீர்கள். வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

6. மாத்திரை: தெரிந்தும் தெரியாமலும்

ஆசையைக் குறைக்கிற மாத்திரைகள் இருக்கின்றன, நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று. எது யாருக்கு என்பதைக் கல்லீரல், கிட்னி ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் சொல்வார். டைசல்ஃபிராம் வேறு வகை. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு வந்து ஆளைப் புரட்டிப்போடும், உயிரும் போகலாம். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது கழித்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை உடம்பில் வேலை செய்யும்.

வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. "அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கலாம்" என்று பஸ்ஸில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள், தெரிந்தவர்களும் சொல்வார்கள். கலக்காதீர்கள். அவர் தெரியாமல் போய்க் குடித்தால் அவருக்கு என்ன ஆகும் என்று உங்களாலும் சொல்ல முடியாது, ஆஸ்பத்திரியிலும் காரணம் தெரியாமல் திணறுவார்கள்.

டைசல்ஃபிராம் சாப்பிடுகிறவர் இருமல் சிரப், மவுத்வாஷ், ஓமியோபதிச் சொட்டு, தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்கள் எல்லாவற்றையும் தள்ளி வைக்க வேண்டும். இவற்றில் பலவற்றில் சாராயம் உண்டு. கோடையில் ரோட்டோரம் விற்கிற தெளுவும் (பதநீர்) வேண்டாம். சுண்ணாம்பு சரியாக விழாத தெளுவு வெயில் ஏற ஏறப் புளித்துக் கள்ளாகிவிடும். ஒரு சொம்பு தெளுவில் என்ன ஆகிவிடும் என்று நானும் நினைத்தேன். முகம் தீப்பிடித்த மாதிரி ஆகி, மரத்தடியில் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தேன்.

7. எட்டரை முதல் பத்து வரை

ஒன்றரை ஷிப்ட் முடிந்து 8:30-க்குக் கம்பெனி விடும். கடை 10 மணிக்கு மூடும். மூன்று மாதமும் நான் சண்டை போட்டது இந்த ஒன்றரை மணி நேரத்தோடுதான். காலையில் ஆசையே இருக்காது, இனி நமக்கு அது வேண்டவே வேண்டாம் என்று தோன்றும். எட்டரைக்கு வண்டிச் சாவியைத் திருகும்போது வாயில் எச்சில் ஊறும்.

முதலில் பசி. காலியான வயிறுதான் கடைக்கு இழுத்துக்கொண்டு போகும். ஐந்தரை மணி டீக்கு வெறும் டீ குடிக்காமல் இரண்டு முட்டையோ சுண்டலோ சாப்பிட்டேன். அடுத்தது வழி. பழைய ரூட்டில் இரண்டு கடை. மூன்று கிலோமீட்டர் சுற்றி, கடையே இல்லாத ஊருக்குள் புகுந்து போனேன். நடுவில் ஒரு பேக்கரி. நம் ஊர்ப் பேக்கரிகளுக்கு நான் கடன்பட்டவன். எட்டே முக்காலுக்கு ஒரு இஞ்சி டீ, ஒரு தேங்காய் பன். குடியை விட்டவனுக்கு இனிப்பின் மேல் பேயாசை வரும், அதைத் தடுக்க வேண்டாம், சர்க்கரை வியாதி இல்லையென்றால். முதல் வாரம் கிளாஸைப் பிடித்தால் டீ தளும்பி விரலில் கொட்டும். பேக்கரிக்காரர் ஒன்றும் கேட்காமல் அரை கிளாஸாக இரண்டு தடவை ஊற்றிக் கொடுப்பார்.

ஆசை அலை மாதிரி வந்தால் இருபது, முப்பது நிமிசத்துக்கு மேல் அதே வேகத்தில் நிற்காது. அந்த நேரத்தை ஓட்டினால் போதும். நான் யாருக்காவது போன் போடுவேன். வீடு போனதும் சுடுதண்ணியில் குளியல், உடனே சாப்பாடு. அரிசிம்பருப்பு சாதத்தில் நெய் ஊற்றி வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டால் 10 மணி அடித்துவிடும்.

தூக்கம் சில வாரம், சிலருக்குச் சில மாதம் வரை சரியாக வராது. குடிக்கிற மாதிரி கனவு வரும். விடியக்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து, குடித்துவிட்டோமோ என்று கையை ஊதி மோந்து பார்த்திருக்கிறேன். விட்டவர்கள் நிறையப் பேருக்கு இது வரும், பயப்பட வேண்டாம்.

வீட்டில் உங்களை நம்ப மாட்டார்கள். கதவைத் திறந்ததும் என் வீட்டுக்காரி பேசாமல் பக்கத்தில் வந்து ஒரு நொடி நிற்பாள். மோந்து பார்க்கிறாள் என்று தெரியும். முதல் மாதம் அதற்கே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பதினான்கு வருசம் பொய் சொன்ன வாய் என்பதை நினைத்துக்கொண்டு நானே வாயைத் திறந்து ஊதிக் காட்ட ஆரம்பித்தேன். இரண்டாம் மாதக் கடைசியில் ஒருநாள், "போதும்ங்க, போய்க் கைகால் கழுவுங்க" என்றாள்.

8. சனிக்கிழமையும் பணமும்

சம்பளம் வங்கியில் விழும்படி மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் வீட்டார் வந்து வாங்கட்டும். ஏ.டி.எம். கார்டை வீட்டில் கொடுங்கள். எல்லாரும் மறப்பது செல்போனை. ஜிபேயில் பணம் இருந்தால் பையில் பணம் இல்லாததில் என்ன பிரயோசனம்? அந்தக் கணக்கில் ஐந்நூறுக்கு மேல் வைக்காதீர்கள். மிச்சமாகிற பணத்துக்கு முதல் மாதமே ஒரு சீட்டு சேர்ந்துவிடுங்கள். மாதா மாதம் கட்டியே ஆக வேண்டும் என்று ஒன்று இருந்தால் கை அடங்கும்.

கோவை மாதிரி பெரிய ஊர்களில் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்று, குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் கூடிப் பேசுகிற கூட்டங்கள் நடக்கின்றன. பணமும் கிடையாது, பெயர் ஊர் கேட்கவும் மாட்டார்கள். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் குடிக்க வேண்டாம் என்பதுதான் அவர்கள் கணக்கு. நான் மூன்று கூட்டம் வாய் திறக்காமல் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், நான்காவதில் பேசினேன். எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன், சனிக்கிழமை சாயங்காலத்துக்குப் போக ஓர் இடம் கிடைக்கிறது.

9. கெடா வெட்டும் நோம்பியும்

முதல் மூன்று மாதம் முடிந்தவரை போகாதீர்கள். ஆனால் குலதெய்வத்துக்குக் கெடா வெட்டு என்றால் பங்காளிகள் விட மாட்டார்கள். எனக்கு ஐம்பத்தி ஏழாம் நாள் வந்தது.

சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் போனேன், வீட்டுக்காரியோடு, சொந்த வண்டியில். இன்னொருவர் காரில் போனால் அவர் கிளம்புகிறபோதுதான் கிளம்ப முடியும். போனதும் ஒரு கலர் பாட்டிலை நானே உடைத்துக் கையில் வைத்துக்கொண்டேன். கை காலியாக இருந்தால் யாராவது டம்ளரைத் திணிப்பார்கள். கீழே வைத்த பாட்டிலைத் திரும்ப எடுக்காதீர்கள், தமாசுக்கு ஊற்றிவிடுகிற ஆட்கள் உண்டு.

பெரியப்பா மகன், படையலில் வைத்த பாட்டிலோடு வந்தார். "தம்பி, கருப்பனுக்கு வெச்சது, வேண்டாங்கக் கூடாது. ஒரே ஒரு கட்டிங்." விட்டுட்டேன் என்று சொல்லியிருந்தால் சுற்றி உட்கார்ந்து வாதம் பண்ணியிருப்பார்கள். "மாத்திரைல இருக்கறனுங்ணா. குடிச்சா நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கீட்டுத்தான் போகோணும், நீங்கதான் கூட வரோணும்" என்றேன். பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த பந்திக்குப் போய்விட்டார். மாத்திரை சாப்பிடாதவரும் இதையே சொல்லலாம், இந்தப் பொய்க்குப் பாவமில்லை. இரண்டு மணிக்குக் கறிச்சோறு, இரண்டேகாலுக்கு வண்டி.

10. சறுக்கிவிட்டால்

சறுக்குவது நிறையப் பேருக்கு நடக்கிறது. ஒரு நாள் குடித்துவிட்டால் மறுநாளே டாக்டரிடம் சொல்லுங்கள். பழைய அளவுக்குக் குடிக்கப் போகாதீர்கள், உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி போயிருக்கும். டைசல்ஃபிராம் மேல் குடித்துவிட்டு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 108. பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டீர்கள் என்றால் முதல் படிக்கே திரும்ப வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிசமே 14416-க்குக் கூப்பிடுங்கள், தனியாக இருக்காதீர்கள். குடியை விட்ட புதிதில் மனம் அந்த அளவுக்குக் கீழே போவது உண்டு.

11. மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனை

சேர்ந்த நாளில் எடுத்த கல்லீரல் பரிசோதனையைத் தொண்ணூறாம் நாள் திரும்ப எடுங்கள். ஜி.ஜி.டி. என்று ஒரு வரி இருக்கும். குடியை விட்டால் சில வாரங்களிலேயே அது இறங்க ஆரம்பிக்கும். எனக்கு 312 இருந்தது 44 ஆகியிருந்தது. இறங்கவில்லை என்றால் டாக்டர் வயிற்று ஸ்கேன் எழுதுவார், எடுத்துவிடுங்கள். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, மாலை ரிப்போர்ட் வாங்கியதும் பழைய ரிப்போர்ட்டோடு ஒரே கவரில் போட்டுக் கொண்டு போங்கள். அடுத்த ஆறு மாதத்துக்கு எந்தத் தேதியில் வர வேண்டும் என்பதை அன்றைக்கே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் சீட்டில் எழுதிய முதல் தேதி ஒரு சனிக்கிழமையாக இருந்தது. சனிக்கிழமைகளாகவே எழுதித் தரச் சொல்லி வாங்கினேன்.